யாருக்கு, எப்போது, எதனோடு ஒப்பிட்டு?

உடற்பயிற்சிக் கூடத்தில் ஓர் இளைஞர் சுருண்டு விழுந்து இறந்தார் என்று செய்தி வந்தால், ‘எல்லாம் அந்த ஊசி செய்த வேலை’ என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. கல்யாண வீடு, கிரிக்கெட் மைதானம், பேருந்தின் ஓட்டுநர் இருக்கை என்று இடம் மாறுகிறதே தவிர, தீர்ப்பு மாறுவதில்லை. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் மாரடைப்பு மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்து பரபரப்பானபோது, கோவிட் தடுப்பூசிக்கு அவசரமாக ஒப்புதல் அளித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2025 ஜூலையில் அம்மாநில முதல்வர் சித்தராமையாவே சொன்னார். ஒன்றிய சுகாதார அமைச்சகம் உடனே மறுத்தது.

கேள்வி கேட்டதில் தவறில்லை. 220 கோடித் தவணைகளுக்கு மேல் போடப்பட்ட ஒரு மருந்தைப் பற்றிச் சந்தேகம் எழத்தான் செய்யும். அந்தச் சந்தேகத்துக்கு விடை தேடி நம் ஊரிலிருந்தே ஓர் ஆய்வு நடந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது. சென்னை அயப்பாக்கத்தில் இயங்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், நாடெங்கும் உள்ள 47 மருத்துவமனைகளின் வழியாக, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் புலப்படாமல் திடீரென இறந்த 729 பேரின் விவரங்களைத் திரட்டியது. அதே வயது, அதே பாலினம், அதே வட்டாரத்தைச் சேர்ந்த 2,916 பேரோடு ஒப்பிட்டது. 2023 நவம்பரில் முடிவு வெளியானது. தடுப்பூசி திடீர் மரண ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டுக்கொண்டவர்களிடம் அந்த ஆபத்து குறைந்தே இருந்தது. கோவிட்டுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம் நிகழ்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாள்களில் அளவுமீறிக் குடித்தது, கடுமையாக உடலை வருத்தியது ஆகியவையே ஆபத்தைக் கூட்டியவை.

இவ்வளவு தெளிவான விடை கையில் இருந்தும் வதந்தி ஏன் வெல்கிறது? மக்களின் அறியாமை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால், பெருந்தொற்றுக் காலத்தில் மருந்துகளையும் தடுப்பூசிகளையும் பற்றி முடிவெடுத்தவர்கள் முடிவை மட்டுமே அறிவித்தார்கள். அதன் பின்னால் இருந்த கணக்கைக் காட்டவில்லை. ‘வேலை செய்யும்’, ‘பாதுகாப்பானது’ என்ற ஒற்றை வரிகள்தான் மக்களுக்குக் கிடைத்தன. எந்த மருந்துக்கும் அப்படி ஒற்றை வரியில் பதில் கிடையாது. யாருக்கு, எப்போது, எதனோடு ஒப்பிடும்போது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால்தான் பதிலுக்கு அர்த்தம் வரும். கோவிட் காலத்தின் பெரும் தவறுகளும் பெரும் வெற்றிகளும் இந்த மூன்றைச் சுற்றியே நிகழ்ந்தன.

இரண்டு வாரம், இரண்டு நோய்

கரோனா வைரஸின் மரபுப் பொருள் சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ இழை. வைரஸின் மேற்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம், நம் செல்களில் இருக்கும் ஏசிஇ2 என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் பல்கிப் பெருகுகிறது. காய்ச்சல், இருமல், உடல்வலி எல்லாம் அப்போது வருபவை. பெரும்பாலானோருக்கு நோய் அத்தோடு தணிந்துவிடும். சிலருக்கு இரண்டாம் வாரத்தில் நோயின் குணமே மாறும். வைரஸின் அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போதே, உடலின் எதிர்ப்பாற்றல் அடங்காமல் கொந்தளித்து நுரையீரலை அழற்சிக்கு உள்ளாக்கும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் எண் இறங்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

முதல் வாரத்தில் வைரஸைத் தடுக்கும் மருந்துக்கு வேலை உண்டு. இரண்டாம் வாரத்தில் அழற்சியைத் தணிக்கும் மருந்து தேவை. இடம் மாற்றிக் கொடுத்தால் பணமும் போகும், உயிரும் போகலாம்.

பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு இதை எண்களில் நிறுவியது. 2020 மார்ச்சில் தொடங்கி, ஜூன் நடுவிலேயே அது ஒரு முடிவைத் தந்தது. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டை 2,104 நோயாளிகளுக்குக் கொடுத்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து பெறாதோரில் 41.4 சதவீதத்தினர் 28 நாள்களுக்குள் இறந்தனர். மருந்து பெற்றவர்களில் அது 29.3 சதவீதம். ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களில் கதை தலைகீழ்: மருந்து பெறாதோரில் 14 சதவீதம், பெற்றவர்களில் 17.8 சதவீதம். இந்தக் கடைசி வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும், பலன் இல்லை, கெடுதல் இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் தெளிவாகவே இருந்தது.

இந்த எச்சரிக்கை 2020 ஜூனில் வந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் என்ன நடந்தது? பரிசோதனை முடிவு வந்த அன்றே ஸ்டீராய்டு எழுதிய மருத்துவச் சீட்டுகள் வாட்ஸ்அப்பில் தெருத்தெருவாகச் சுற்றின. ஒருவருக்கு எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக் குடும்பமே மாத்திரை வாங்கியது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். நீரிழிவு மிகுந்த நாட்டில் இதன் விளைவாகக் கறுப்புப் பூஞ்சை நோய் பெருகியது. அந்த ஆண்டு ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் இந்நோய் தாக்கியதாகவும் 4,300க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கண்ணையும் தாடை எலும்பையும் இழந்து பிழைத்தவர்கள் பலர். உயிர்காத்த மருந்தே, நேரம் தவறிக் கொடுக்கப்பட்டபோது உயிர் குடிக்கும் நோய்க்கு வழிவிட்டது.

ரெம்டெசிவிரின் கதை இதற்கு மறுபக்கம். அது வைரஸைத் தடுக்கும் மருந்து. நோயின் தொடக்கத்தில் கொடுக்க வேண்டியது. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் இறப்பை அது குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ‘சாலிடாரிட்டி’ ஆய்வு 2020 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. ஆனால் 2021 மே மாதம், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்த மருந்துக்காக மக்கள் இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள். கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். பிறகு, தனியார் மருத்துவமனைகளுக்கு அரசே நேரடியாக மருந்தை வழங்க முடிவு செய்தது. கள்ளச்சந்தையில் நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் உண்டு. வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ‘எங்கேயாவது ரெம்டெசிவிர் வாங்கிவாருங்கள்’ என்று சீட்டு எழுதிக்கொடுத்தது மருத்துவமனை. மருந்து கிடைக்காததால்தான் அப்பா போய்விட்டார் என்று இன்றும் குமுறும் பிள்ளைகளிடம், அந்த மருந்து கிடைத்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது என்பதை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. இதே மருந்தை, ஆபத்து மிகுந்தவர்களுக்கு அறிகுறி தோன்றிய சில நாள்களுக்குள், மூன்று நாள் ஏற்றியபோது மருத்துவமனையில் சேரும் தேவை 87 சதவீதம் குறைந்ததாக மற்றோர் ஆய்வு பின்னர் காட்டியது. மருந்து மாறவில்லை, கொடுத்த நேரம் மாறியது.

‘கொடுத்தோம், குணமானார்’

கோவிட் வந்தவர்களில் பெரும்பாலானோர் எந்த மருந்தும் இல்லாமலே பிழைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட நோயில் எதைக் கொடுத்தாலும் அது வேலை செய்ததாகவே தோன்றும். நூறு பேருக்குக் கொடுத்து நூறு பேரும் வீடு திரும்பினால் மருத்துவரே நம்பிவிடுவார். கொடுக்காத நூறு பேர் என்ன ஆனார்கள் என்று பார்க்காதவரை அந்த அனுபவத்துக்கு மதிப்பு இல்லை. எவருக்குக் கொடுப்பது, எவருக்குக் கொடுக்காமல் விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, இரு தரப்பையும் ஒப்பிடும் ஆய்வு அதற்காகத்தான்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செல்களில் வைரஸைத் தடுத்தது என்பதை வைத்தே 2020 மார்ச்சில் மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது. ஜூன் தொடக்கத்தில் ‘ரெகவரி’ ஆய்வு, மருத்துவமனை நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று அறிவித்தது. ஐசிஎம்ஆரின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து அது நீங்கியது 2021 செப்டம்பரில். ஐவர்மெக்டின் அதே வழியில் வந்தது. 2021 மே மாதத்தில் கோவா அரசு 18 வயதைக் கடந்த அனைவருக்கும் அதைக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. தமிழ்நாடும் நெறிமுறையில் சேர்த்துவிட்டு விரைவிலேயே நீக்கியது. பிரேசிலில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு அதில் பலன் இல்லை என்று 2022இல் காட்டியது.

எல்லாவற்றையும்விட உறுத்துவது பிளாஸ்மா சிகிச்சை. குணமடைந்தவரின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை எடுத்து நோயாளிக்கு ஏற்றுவது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். டெல்லியிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் பிளாஸ்மா வங்கிகள் திறக்கப்பட்டன. அதே நேரத்தில் ஐசிஎம்ஆர் ஒரு நல்ல காரியம் செய்தது. 39 மருத்துவமனைகளில், 464 நோயாளிகளைக் கொண்டு முறையான ஒப்பீட்டு ஆய்வை நடத்தியது. நோய் முற்றுவதையோ இறப்பையோ பிளாஸ்மா குறைக்கவில்லை என்ற முடிவு 2020 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. இந்திய மருத்துவர்கள், இந்திய நோயாளிகளைக் கொண்டு, உலகத்துக்கே முன்னோடியாகச் செய்த ஆய்வு அது. ஆனால் அதே ஐசிஎம்ஆர் தன் நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியது 2021 மே 17ஆம் தேதி. ஏழு மாதம்! இடையில் இரண்டாம் அலை வந்து உச்சத்தையும் தொட்டது. ‘ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்’ என்று எண்ணற்ற குடும்பங்கள் சமூக வலைதளங்களில் முன்பின் தெரியாதவர்களிடம் கெஞ்சின. தன் வீட்டு ஆய்வின் முடிவைத் தன் வீட்டு விதியாக மாற்ற ஏன் ஏழு மாதம் ஆனது என்பதற்கு இன்றுவரை யாரும் விளக்கம் சொல்லவில்லை.

சித்த மருத்துவத்துக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும்; அது அவமதிப்பு ஆகாது, மரியாதை. கபசுரக் குடிநீரைத் தமிழ்நாடு முழுவதும் வீதிவீதியாக வழங்கினோம். சிறு அளவிலான ஆய்வுகள் நடந்தன. இவ்வளவு பெரிய விநியோகத்தோடு இணைத்து, சில மாவட்டங்களில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், ‘வேலை செய்யும்’ என்போருக்கும் ‘செய்யாது’ என்போருக்கும் நடுவே கையில் ஒரு விடை இருந்திருக்கும். அந்த வாய்ப்பு கைநழுவியது.

சேத்துப்பட்டும் செங்கல்பட்டும்

குலுக்கல் முறை ஆய்வெல்லாம் பணக்கார நாடுகளின் ஆடம்பரம், நெருக்கடியில் நமக்கு அதற்கு நேரமில்லை என்று ஒரு வாதம் உண்டு. தமிழ்நாட்டுக்காரர்கள் அந்த வாதத்தை ஏற்கவே கூடாது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். குணமானது கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டில் இருந்த உறவினர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஏழை நோயாளிகளும் நெரிசலான தெருக்களும்தான் அந்த ஆய்வின் களம்.

அடுத்தது பிசிஜி. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு, பிசிஜி தடுப்பூசியையும் வெற்று ஊசியையும் ஒப்பிடும் ஆய்வு தொடங்கியது. 15 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஊசியைக் கைவிட்டோமா? இல்லை. பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய்களிலிருந்து அது காப்பதால், இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். ஒரே தடுப்பூசி ஒருவருக்குப் பயனற்றது, மற்றொருவருக்கு உயிர்காப்பது. அரை நூற்றாண்டுக்கு முன் நம் கிராமங்கள் உலகுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

முப்பத்தொரு மரணங்கள்

கோவிட் தடுப்பூசி பற்றிய மிகத் தெளிவான இந்தியச் சான்றுகளுள் ஒன்றும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. தமிழ்நாடு காவல் துறையில் பணியாற்றிய 1,17,524 பேரின் பதிவுகளைத் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை, இரண்டாம் அலையின் கொடூரமான ஒரு மாதத்தில், அவர்களில் 31 பேர் கோவிட்டால் இறந்தார்கள். ஊசி போடாதவர்கள் 20 பேர். ஒரு தவணை போட்டவர்கள் 7 பேர். இரண்டு தவணையும் போட்டவர்கள் 4 பேர்.

இந்த எண்களை வைத்து, ‘இறந்த காவலர்களில் மூன்றில் ஒருவர் தடுப்பூசி போட்டவர்’ என்று தலைப்பு எழுதலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அது முழுக்கத் திசைதிருப்பும் தலைப்பு. ஊசி போடாதவர்கள் மொத்தம் 17,059 பேர்தான். அவர்களில் 20 பேர் இறந்தார்கள். இரண்டு தவணை போட்டவர்கள் 67,673 பேர். அவர்களில் 4 பேர் இறந்தார்கள். ஊசி போடாதவர்களின் விகிதத்திலேயே இவர்களும் இறந்திருந்தால் அந்த எண்ணிக்கை 80ஐ நெருங்கியிருக்கும். மரணத்தைத் தடுப்பதில் ஒரு தவணை 82 சதவீதமும் இரண்டு தவணைகள் 95 சதவீதமும் பலன் தந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல. ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் வயதிலும் உடல்நிலையிலும் வேறுபட்டிருக்கலாம். அந்தக் குறையைக் கழித்தாலும் 80க்கும் 4க்கும் உள்ள இடைவெளி சிறியதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் பணியாளர்களிடம் செய்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது: இரண்டு தவணை போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 சதவீதமும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நிலையிலிருந்து 94 சதவீதமும் பாதுகாப்பு. தொற்றைத் தடுப்பதில் சுமார், உயிரைக் காப்பதில் மிகச் சிறப்பு. ‘ஊசி போட்டும் கோவிட் வந்ததே’ என்று கேட்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி ஏமாற்றம் வந்திருக்காது.

ஆபத்துக் கணக்கை மக்கள் முன் வைப்பது எப்படி என்பதற்கு 2021 ஏப்ரல் 7ஆம் தேதி லண்டனில் நடந்த செய்தியாளர் சந்திப்பு நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்ட்ராஜெனெகா தடுப்பூசியால் மிக அரிதாக, ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் சிக்கல் வருகிறது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்காற்று அமைப்பு அறிவித்த நாள் அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வின்டன் மையம் தயாரித்த ஒரு படத்தைத் திரையில் காட்டினார்கள். தொற்று குறைவாக இருக்கும் சூழலில், 20 முதல் 29 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு இந்த ஊசி போட்டால், 16 வாரங்களில் தவிர்க்கப்படும் தீவிர சிகிச்சை அனுமதிகள் 0.8, ஊசியால் வரக்கூடிய ரத்த உறைவு 1.1. அறுபதுகளில் இருப்பவர்களுக்கு முறையே 14.1, 0.2. தொற்று மிக அதிகமாகப் பரவும் சூழலில் இளைஞர்களுக்கே நன்மை 6.9 ஆக உயர்கிறது. ஆபத்து அதே 1.1. இந்த அடிப்படையில், 30 வயதுக்குட்பட்டோருக்கு வேறு தடுப்பூசியைத் தரலாம் என்று பிரிட்டன் முடிவெடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் தன் வயதுக்கு என்ன பலன், என்ன ஆபத்து என்பது ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும்.

விடை சரி, வழிமுறை எங்கே?

இந்தியாவிலும் கோவிஷீல்டு என்ற பெயரில் அதே தடுப்பூசிதான் பெருமளவில் போடப்பட்டது. 2021 மே மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு நான்கு லட்சம் பேருக்கு மேல் தொற்று பதிவானது. அந்தச் சூழலில் எந்த வயதினருக்கும் ஊசியின் நன்மையே பெரிது. ஆகவே, தொடர்ந்து போட்ட முடிவு சரி. மே 17ஆம் தேதி ஒன்றிய அரசு வெளியிட்ட குறிப்பில், ஆராயப்பட்ட 498 தீவிரப் பாதிப்புகளில் 26 ரத்த உறைவாக இருக்கக்கூடும், பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற விகிதம் என்று ஒரு கணக்கும் இருந்தது. ஆனால் வயதுவாரியாக நன்மையையும் தீமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒரு படம் எந்தத் தடுப்பூசி மையத்தின் சுவரிலும் ஒட்டப்படவில்லை. அதன் விலையை 2024இல் கொடுத்தோம். பிரிட்டன் நீதிமன்றத்தில் ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் தாக்கல் செய்த ஆவணத்தைப் பற்றிச் செய்தி வந்ததும், மூன்றாண்டுக்கு முன்பே உலகறிந்த விஷயம் இங்கே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சதியாக வெடித்தது. ஊசி போட்டுக்கொண்ட சில வாரங்களுக்குள் வரும் சிக்கல் அது. மூன்றாண்டு கழித்து அஞ்ச வேண்டியதில்லை என்ற அடிப்படைத் தகவலே பலரைச் சென்றடைந்திருக்கவில்லை.

உள்நாட்டுத் தடுப்பூசியான கோவேக்சினின் கதையும் அப்படித்தான். 2020 ஜூலையில், ஆகஸ்ட் 15க்குள் தடுப்பூசி வர வேண்டும் என்று ஐசிஎம்ஆர் தலைமை இயக்குநர் மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதினார். மனித ஆய்வே தொடங்காத நிலையில் வந்த அந்தத் தேதி, அறிவியலின் நாள்காட்டியில் இல்லாதது. 2021 ஜனவரி 3ஆம் தேதி, மூன்றாம் கட்ட ஆய்வின் செயல்திறன் முடிவு வருவதற்கு முன்பே, ‘மருத்துவ ஆய்வு முறையில்’ என்ற புதிரான அடைமொழியோடு ஒப்புதல் தரப்பட்டது. பின்னர் 25,800 பேரைக் கொண்ட ஆய்வு 77.8 சதவீதச் செயல்திறனைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் அந்த ஆண்டு நவம்பரில் ஏற்றது. தேர்வில் விடையை மட்டும் எழுதி வழிமுறையை விட்டுவிடும் மாணவனுக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் தருவதில்லை. விடை சரியாகவே இருந்தாலும், பார்த்து எழுதினானோ என்ற சந்தேகம் நிற்கும். கோவேக்சின் மீது அந்தச் சந்தேகத்தை ஒட்டவைத்தது அதன் எதிரிகள் அல்ல, அவசரப்பட்ட நண்பர்கள்தான்.

கோவிஷீல்டின் தவணை இடைவெளியை 2021 மே 13ஆம் தேதி 12 முதல் 16 வாரமாக நீட்டினார்கள். மறுநாள் பிரிட்டன், டெல்டா வகை பரவுவதால், 50 வயதைக் கடந்தவர்களுக்கு 12 வாரத்தை 8 ஆகச் சுருக்கியது. நமக்குத் தடுப்பூசித் தட்டுப்பாடு. இருக்கும் ஊசியில் அதிகம் பேருக்கு ஒரு தவணையாவது போடுவது நியாயமான வாதமே. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். முழுக்க அறிவியல் முடிவு என்றார்கள். ஒரு மாதத்தில், 16 வாரம் வரை நீட்டும் அளவுக்குத் தரவு இல்லை என்று தடுப்பூசி குறித்த தேசிய நிபுணர் குழுவின் உறுப்பினர்கள் சிலரே செய்தியாளர்களிடம் சொன்னார்கள்.

பதில் தாமதமானதும் இதே கெடுதலைச் செய்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்குத் தயக்கம் நீங்க வேண்டும் என்பதற்காகவே ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் வெளிப்படையாக ஊசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் காலமானார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, தற்செயல் நிகழ்வு என்று தடுப்பூசிப் பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு முடிவு சொன்னது அக்டோபரில். தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த கேள்விக்கு ஆறு மாதம் கழித்து வந்த பதில் யார் காதில் விழும்?

இனி செய்ய வேண்டியது

உச்ச நீதிமன்றம் 2022 மே 2ஆம் தேதி அளித்த தீர்ப்பில், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது என்றது. அரசின் தடுப்பூசிக் கொள்கை தன்னிச்சையானது அல்ல என்றும் சொன்னது. பக்கவிளைவுகளை மக்களே பதிவுசெய்யவும் பார்க்கவும் வழி வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பின் உணர்வை நடைமுறையாக்க மூன்று காரியங்கள் போதும்.

முதலாவது, தடுப்பூசி குறித்த தேசிய நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகள், மாற்றுக் கருத்துகள் உட்பட, சில வாரங்களுக்குள் பொதுவெளிக்கு வர வேண்டும். தட்டுப்பாடு காரணம் என்றால் தட்டுப்பாடு என்றே எழுத வேண்டும். இரண்டாவது, தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் பரவியிருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகளை இப்போதே ஒரே ஆய்வு வலையமைப்பாகக் கட்டிவைக்க வேண்டும். நோய் வந்த பிறகு அனுமதியும் படிவமும் தேடிக்கொண்டிருந்தால் அலை கடந்துவிடும். ‘ரெகவரி’ மூன்று மாதத்தில் விடை கண்டதற்குக் காரணம் அதன் எளிமை: சாதாரண மருத்துவமனைகள், சுருக்கமான படிவம், ஒரே கேள்வி. சேத்துப்பட்டும் அயப்பாக்கமும் உள்ள ஊருக்கு இது எட்டாத காரியமல்ல. மூன்றாவது, தடுப்பூசியால் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு. மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், வேண்டுமானால் சிவில் நீதிமன்றத்தை நாடலாம் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அரசு சொன்னது. ஊரைக் காக்கப் போட்ட ஊசியால் லட்சத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கை அந்த ஒருவரின் குடும்பமே சுமக்க வேண்டும் என்பது நியாயமல்ல. தீங்கை ஒப்புக்கொண்டு துணை நிற்கும் அரசு சொன்னால், ‘உனக்கு இதனால் நன்மையே அதிகம்’ என்ற சொல்லும் எடுபடும்.

அரிய பக்கவிளைவைப் பற்றிப் பேசினால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். போலியோ சொட்டு மருந்தையும் மகப்பேறு அறுவைச் சிகிச்சையையும் ஆபத்தோடு சேர்த்தே எடைபோட்டு ஏற்றவர்கள் இந்த மக்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும்போது ஆபத்தைச் சொல்லும் மருத்துவர் மீது நம்பிக்கை கூடுகிறதே தவிர, குறைவதில்லை. தடுப்பூசிக்கு மட்டும் அந்த மரியாதையைத் தர மறுத்தோம். அதனால்தான், உயிர்களைக் காத்த ஒரு பெரும் பணி, காத்ததற்கான நன்றியைப் பெறாமல், செய்யாத கொலைகளுக்கு ஒவ்வொரு வாரமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.